மோட்டார் சைக்கிள் கிளப்பின் குழுப் பயணங்களும் கூடல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வருபவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். புறப்படும் காலையில், எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொல்லும் பதில் பாதிதான் காதில் விழும் என்பதால் அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். இதை எழுதுபவன் பல ஆண்டுகளாக வரிசையின் கடைசி வண்டியில் செல்பவன். எனவே பதில்களில் பின்னாலிருந்து பார்த்த பார்வை சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இந்தக் கிளப்பில் யார் சேரலாம்? பெரிய வண்டி வேண்டுமா?

செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும், காப்பீடு உள்ள வண்டியும், நெடுஞ்சாலையில் ஓட்டிய ஓரளவு பழக்கமும் இருந்தால் போதும். வண்டியின் நிறுவனத்தையோ சிசியையோ நாங்கள் கேட்பதில்லை. குழுவின் வேகம் மிகச் சிறிய வண்டியால் களைப்பின்றித் தாங்கக்கூடிய வேகமாகவே வைக்கப்படுகிறது. பெரிய வண்டி வைத்திருப்பவர்களில் சிலருக்கு இது முதலில் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பை ஏற்க முடியாதவர்கள் தனியாகச் செல்வதே அவர்களுக்கும் எங்களுக்கும் நல்லது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் 1000 மைல், அதாவது சுமார் 1,609 கிலோமீட்டர், ஓட்டிச் சான்றிதழ் பெறும் நெடுந்தொலைவுப் பயணங்களும் இந்த உலகில் உண்டு. அதில் ஆர்வம் கொண்ட உறுப்பினர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். ஆனால் அது தனியாளின் சாதனை. குழுப் பயணத்தின் நோக்கம் வேறு.

முதல் பயணத்துக்கு முன் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் 1973-இல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற பயிற்சி அமைப்பு, புறப்படுமுன் செய்யும் சோதனையை ஆறு பகுதிகளாகப் பிரித்துச் சொல்லித்தருகிறது: டயரும் சக்கரமும், கைப்பிடி முதலிய கட்டுப்பாடுகள், விளக்கும் மின்சாரமும், ஆயிலும் மற்றத் திரவங்களும், சேஸிஸ் எனப்படும் சட்டகம், ஸ்டாண்டு. இதே வரிசையில் பார்த்துப் பழகினால் எதுவும் விட்டுப்போகாது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2423 என்று இருந்தால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளம் தேயாமல் இருந்தாலும் ஆண்டுகள் பல கடந்த ரப்பர் இறுகிப்போய்ப் பிடிமானத்தை இழந்திருக்கும். செயினின் தொய்வு வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். பின்னால் ஒருவரை உட்காரவைத்துச் செல்வதென்றால் சஸ்பென்ஷனையும் காற்றழுத்தத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவும்.

மூட்டை கட்டும் பட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான். ஒருமுறை பையைக் கட்டிய பட்டையின் மீதிநுனியைச் செருகாமல் விட்டுவிட்டேன். அது காற்றில் ஆடி ஆடிச் செயினுக்குள் போய், பின்சக்கரப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சக்கரத்தையே பூட்டிவிட்டது. சந்திப்பில் நிற்பதற்காக வேகம் குறைத்திருந்த நேரம் என்பதால் வண்டி ஓரடி சறுக்கியதோடு போயிற்று. அந்தப் பட்டையைக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்று முதல், புறப்படுமுன் எல்லா வண்டிகளின் பின்புறத்தையும் ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என் வண்டியில் ஏறுகிறேன்.

பெட்ரோல்?

கூடுமிடத்துக்கு வரும்போது டேங்க் நிறைந்திருக்க வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல, கணக்கு. ஒரே பங்க்கில் பத்து வண்டிகள் நின்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் ஆனால் அரைமணி நேரம் போய்விடும். வழியில் எங்கே நிரப்புவது என்பதை மிகச் சிறிய டேங்க் உள்ள வண்டியே தீர்மானிக்கிறது. அங்கே நிற்கும்போது உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு?

ஹெல்மெட்டில் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஐஎஸ்ஐ, டிஓடி, ஈசிஇ 22.06 என அங்கீகரிக்கப்பட்ட தரக்குறி ஒன்று இருக்க வேண்டும். தாடைப்பட்டை பூட்டப்பட்டிருக்க வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் நுரைப்பகுதி ஒருமுறை நசுங்கிவிட்டால் மறுபடி அதிர்ச்சியைத் தாங்காது. அதை மாற்றியே ஆக வேண்டும். கையுறை, கணுக்காலை மூடும் காலணி, முழங்கையிலும் தோளிலும் பாதுகாப்புத் தகடு உள்ள ஜாக்கெட், தடித்த துணியில் முழுக்கால் உடை ஆகியவையும் கட்டாயம். விழும்போது முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் உள்ளங்கைதான் என்பதைக் கையுறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருபவர்கள் நினைவில் வைக்கவும்.

புறப்படுமுன் நின்று பேசுகிறீர்களே, அது எதற்கு?

பத்து நிமிடப் பேச்சு அது. அன்றைய வழி, நிற்குமிடங்கள், வானிலை, வரிசையின் முன்னால் வழிகாட்டிச் செல்லும் முன்னோடி யார், கடைசி வண்டி யார், முதலுதவிப் பெட்டியும் பஞ்சர் கிட்டும் யார் வண்டியில் இருக்கின்றன என்பனவெல்லாம் சொல்லப்படும். ஒவ்வொருவருடைய அவசரத் தொடர்பு எண்ணும், மருந்து ஒவ்வாமை ஏதும் இருந்தால் அந்த விவரமும் ஒரு தாளில் எழுதப்பட்டுக் கடைசி வண்டியில் இருக்கும். பேச்சு நடக்கும்போது தாமதமாக வந்து சேருபவர் அதைக் கேட்காமல் வரிசையில் சேரக் கூடாது. முன்பு பார்த்த வழிதானே என்று பழைய உறுப்பினர்கள் ஒதுங்கி நிற்பதை நான் விரும்புவதில்லை. புதியவர்கள் பேச்சைக் காட்டிலும் பழையவர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சாலையில் வரிசை எப்படி அமையும்?

நேரான, அகலமான சாலையில் ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமுமாகச் செல்வோம். முன்னோடி நம் பாதையில் சாலையின் நடுக்கோட்டை ஒட்டிய பக்கத்திலும், இரண்டாமவர் ஓரத்தை ஒட்டிய பக்கத்திலும், மூன்றாமவர் மறுபடி நடுக்கோட்டுப் பக்கத்திலுமாக இருப்பார்கள். குறுக்கே உள்ளவருக்கும் உங்களுக்கும் இடையே ஒரு வினாடி, நேர் முன்னால் உள்ளவருக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. ஆகவே இரண்டு வினாடி என்பது 44 மீட்டர். பலர் கண்ணால் அளந்து வைக்கும் இடைவெளியைவிட இது மிக அதிகம். முன்னால் உள்ளவர் ஒரு கம்பத்தைக் கடந்ததும் நிதானமாக எண்ணிப் பாருங்கள், தெரியும்.

இருவர் பக்கம் பக்கமாகச் செல்லவே கூடாது. பள்ளமோ நாயோ குறுக்கிட்டால் ஒதுங்க இடம் இருக்காது. வளைவுகளிலும், குறுகிய சாலையிலும், மழையிலும், சரளைக் கல்லிலும் ஒற்றை வரிசைக்கு மாறி, இடைவெளியையும் கூட்டிவிட வேண்டும். வளைவுக்குள் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுவது என்பது ஒவ்வொருவரின் சொந்த முடிவு. அதற்குப் பாதையின் முழு அகலமும் தேவைப்படும். ஒருமுறை ஒரு புதியவர், முன்னால் சென்றவரின் பின்விளக்கையே வெறித்துக்கொண்டு வளைவுக்குள் போனார். முன்னவர் சற்று அகலமாகத் திரும்பியபோது இவரும் அப்படியே இழுக்கப்பட்டு எதிர்ப்பாதையைத் தொட்டுவிட்டார். நல்லவேளை, எதிரே ஏதும் வரவில்லை. பார்வை போகும் பக்கமே வண்டியும் போகும். ஆகவே வளைவில் முன்னால் உள்ள வண்டியைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

ஒரே வரிசையில் எத்தனை வண்டிகள் செல்லலாம்?

ஐந்து முதல் ஏழு. அதற்கு மேல் வந்தால் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னோடியையும் ஒரு கடைசி வண்டியையும் அமர்த்தி, சில நிமிட இடைவெளியில் அனுப்புவோம். நாற்பது வண்டிகள் ஒரே நீளத்தில் செல்வது பார்க்க அழகுதான், படமும் நன்றாக வரும். ஆனால் பின்னால் வரும் பேருந்து முந்த முடியாது, பக்கச் சாலையிலிருந்து யாரும் நுழைய முடியாது. அந்த எரிச்சலெல்லாம் எங்கள்மேல்தான் திரும்பும்.

நான் பின்தங்கிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் என் பெரிய பயம்.

கேட்பவர்களில் பெரும்பாலோருடைய பயமும் இதுதான். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, பத்து வண்டிகள் ஒரு வினாடி இடைவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஊர்ந்து செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் நீளம் சுமார் 100 மீட்டர். நெரிசல் முடிந்து முன்னோடி 80-ஐ எட்டும்போது அதே ஒரு வினாடி இடைவெளிக்கு வரிசை 200 மீட்டராக நீண்டே ஆக வேண்டும். அதாவது யாரும் தவறு செய்யாமலே, கடைசியில் இருப்பவரின் கண்ணுக்கு முன்னால் உள்ள கூட்டம் தன்னைவிட்டு ஓடுவதாகத் தெரியும். உடனே அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்குவார், 100 போவார், அடுத்த வளைவில் எல்லோரும் வேகம் குறைத்திருக்கப் பிரேக்கில் தொங்குவார். ரப்பர் பட்டை இழுபட்டுச் சுருங்குவதுபோல் இது நாள் முழுவதும் நடக்கும். முன்னோடி நிதானமாக 80-இல் போனதாகச் சொல்வார். கடைசியில் வந்தவர் 100-ஐத் தொட்டதாகச் சொல்வார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு மருந்து இரண்டு. முதலாவது, வேகத்தைக் கூட்டும்போது முன்னோடி மெல்ல மெல்லக் கூட்டுவது. புதியவர்களை முன்னோடிக்கு நேர் பின்னால் வைப்பதும் இதனால்தான். இரண்டாவது, யாரும் யாரையும் துரத்தத் தேவையில்லாதபடி ஏற்பாடு செய்வது. முன்னோடி திரும்ப வேண்டிய ஒவ்வொரு சந்திப்பிலும் தனக்கு அடுத்து வருபவருக்குக் கை காட்டி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார். அப்படி நிற்பவர் பின்னால் வருபவர்களுக்கெல்லாம் திசை காட்டி, கடைசி வண்டி கண்ணில் பட்டதும் அதற்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில் இன்னொருவர் நிற்பார். இந்த முறையில் முன்னால் உள்ளவர் கண்ணுக்கே தெரியாமல் போனாலும் வழி தவறாது. சாலை நேராகப் போகிறது, யாரும் நின்று திசை காட்டவில்லை என்றால் நேராகவே போய்க்கொண்டிருங்கள்.

இந்த முறையில் ஒரே ஒரு விதிதான் உடையக் கூடாதது. கடைசி வண்டி வரும்வரை நிறுத்தப்பட்டவர் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. பஞ்சர் ஒட்ட நாங்கள் பின்னால் நின்றுவிட்ட ஒரு நாளில், சந்திப்பில் இருந்தவர் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு, எல்லோரும் போய்விட்டார்கள் என்று தானாக முடிவுசெய்து கிளம்பிவிட்டார். பின்னால் வந்த மூன்று பேர் நேராகவே போய், ஐம்பது கிலோமீட்டர் தாண்டித்தான் சந்தேகப்பட்டார்கள்.

மற்ற வண்டிகளை எப்படி முந்துவது?

ஒவ்வொருவராக, அவரவர் கண்ணால் பார்த்து. முன்னால் முந்தியவர் வழி காலி என்று கை காட்டினாலும் அதை நம்பி முந்தாதீர்கள். அவர் பார்த்த சாலை நீங்கள் போய்ச் சேரும்போது இருக்காது. முந்தி முடித்தவரும் உடனே வேகத்தைக் குறைக்காமல், பின்னால் வருபவர் உள்ளே நுழைய இடம்விட்டுச் சற்று முன்னேறிச் செல்ல வேண்டும். குழுவுக்குள் ஒருவரையொருவர் முந்துவது கிடையாது. சிக்னலில் மஞ்சள் விழுந்தால் நின்றுவிடுங்கள். குழு பிரிந்தால் பிரியட்டும், சேர்த்துக்கொள்ளத்தான் மேலே சொன்ன ஏற்பாடு இருக்கிறது.

கை சைகைகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? ஹெல்மெட்டில் பொருத்திப் பேசும் இண்டர்காம் போதாதா?

ஏழெட்டு சைகைகள்தான். ஒற்றை வரிசைக்கு ஒரு விரலை உயர்த்துவது, இடமும் வலமுமாகச் செல்லும் வரிசைக்கு இரு விரலை உயர்த்துவது, சாலையில் உள்ள பள்ளத்தை அந்தப் பக்கத்துக் கையாலோ காலாலோ சுட்டுவது, இண்டிகேட்டர் அணைக்கப்படாதவருக்கு விரல்களைத் திறந்து மூடிக் காட்டுவது, பெட்ரோலுக்கு டேங்கைத் தொட்டுக் காட்டுவது போன்றவை. முன்னவர் காட்டியதைப் பின்னவருக்குக் கடத்த வேண்டும். ஆனால் வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் கை கைப்பிடியிலேயே இருக்கட்டும். இண்டர்காம் முன்னோடிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே மிகவும் பயன்படுகிறது; ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் மலைவளைவு மறைத்தாலும் அது ஊமையாகிவிடும். அதில் கதை பேசிக்கொண்டு வருபவர்களை அணைத்துவைக்கச் சொல்வோம்.

மழை வந்தால்?

பயணம் பெரும்பாலும் நிற்காது, மெதுவாகும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை. சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், பாலத்தின் இரும்பு இணைப்புகள் ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல் கடக்கவும். ரயில் தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்கவும். இடி மின்னல் என்றால் நின்றுவிடுவோம்.

வழியில் வண்டி பழுதானாலோ யாராவது விழுந்துவிட்டாலோ?

பழுதென்றால் ஓரம் ஒதுங்குங்கள். கடைசி வண்டி உங்களோடு நிற்கும். மற்றவர்கள் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருப்பார்கள். எல்லோரும் சாலையோரத்தில் கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வது ஆபத்தானது, பழுதும் அதனால் சரியாவதில்லை.

விழுந்துவிட்டால் முதல் வேலை, பின்னால் வரும் போக்குவரத்தை எச்சரிக்க ஒருவரை அனுப்புவது. இரண்டாவது, அவசர உதவி எண்ணை அழைப்பது. விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். அவர் மூச்சுவிடுகிறார் என்றால், பயிற்சி பெறாதவர் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். கழுத்தெலும்பில் காயம் இருந்தால் அந்த அசைவே கேடாகலாம். முகக்கண்ணாடியை மட்டும் உயர்த்திவிட்டுத் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு இல்லாவிட்டால் கதை வேறு. அப்போது இருவர் சேர்ந்து, ஒருவர் தலையையும் கழுத்தையும் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டை எடுத்தாக வேண்டும். இதை ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சியாளரை அழைத்து எல்லோரும் செய்து பார்க்கிறோம். வாசித்துக் கற்கக்கூடிய காரியம் அல்ல அது.

துணையை அழைத்து வரலாமா? பெண்கள் தனியாக வருகிறார்களா?

இரண்டுக்கும் பதில் ஆம். பின்னால் உட்காருபவருக்கும் ஓட்டுநருக்கு உள்ள அதே உடை விதிதான். கால் மிதியை எட்டாத சிறுவர்களை ஏற்றுவதில்லை. வண்டி ஓட்டும் பெண்கள் பலர் எங்களோடு இருக்கிறார்கள், முன்னோடியாகவும் செல்கிறார்கள். 2007-இல் தொடங்கிய பெண்கள் வண்டி ஓட்டும் நாள் இப்போது மே மாதத்தின் முதல் சனிக்கிழமையில் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. அன்று எங்கள் பயணத்தை அவர்களே திட்டமிடுகிறார்கள். சென்ற முறை, வழியில் பாதியில் நிறுத்தி ஆண்கள் பேசும் அளவு குறைந்ததால் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

பயணம் இல்லாத நாட்களில் என்ன செய்கிறீர்கள்?

வண்டியோட்டிகள் சங்கம் சேர்வது பழைய வழக்கம். நாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடிய பன்னாட்டுக் கூட்டமைப்பே 1904-இல் பாரிஸில் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு கிளப்பைக் கட்டிவைத்திருப்பது சின்னச் சின்னக் கூடல்கள்தான் என்பது என் கணிப்பு.

மாதம் ஒருநாள் மாலை ஓர் உறுப்பினரின் வீட்டு முன்றிலில் பராமரிப்புக் கூடல் நடக்கும். செயினைக் கழுவி எண்ணெயிடுவது, பிரேக் பேடு மாற்றுவது, டியூப்லெஸ் டயரில் பஞ்சர் திரியைச் செருகுவது ஆகியவற்றைக் கை அழுக்காகச் செய்து பழகுவோம். முதன்முதலாகத் திரியைச் செருகுபவர் பெரும்பாலும் துளையைத் துருவியால் போதிய அளவு சுரண்டாமல் விட்டுவிடுவார். திரி பாதியில் நின்றுகொள்ளும், கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடும். நடுச்சாலையில் இருட்டில் நடப்பதைவிட இது முன்றிலில் நடப்பது மேல். இன்னொரு மாலை வரைபடத்தை விரித்து அடுத்த வழியைத் தேர்வுசெய்வோம். குடும்பத்தோடு கூடும் நாள் ஒன்றும் உண்டு, அதற்குக் காரிலும் வரலாம்.

நிதி திரட்டும் பயணங்களிலும் சேர்ந்துகொள்கிறோம். கோட்டு சூட்டு அணிந்து பழைய பாணி வண்டிகளில் செல்லும் ஓர் ஊர்வலம் 2012-இல் சிட்னியில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் மனநலத்துக்குமான நிதியை அது திரட்டுகிறது. எங்கள் அளவில் ரத்த தானம் ஆண்டுக்கு இருமுறை. கால் முறிந்து வீட்டில் கிடக்கும் உறுப்பினரின் வண்டியை வாரம் ஒருமுறை கிளப்பி வைத்துவிட்டு வருவதும் எங்கள் பட்டியலில் எழுதப்படாத ஒரு நிகழ்ச்சி.

மது?

கடைசியாக வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றிய பிறகு உங்கள் விருப்பம். அதற்கு முன் ஒரு மிடறு என்றாலும் அன்றைய பயணம் உங்களுக்கு முடிந்தது. முந்தைய இரவு அதிகமாகக் குடித்தவர் காலையில் தெளிவாக இருப்பதாக நினைத்தாலும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். அவரையும் வரிசையில் சேர்ப்பதில்லை.

யாரையாவது திருப்பி அனுப்பியதுண்டா?

உண்டு. ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டிக் காட்டியவரை, வரிசைக்குள் முந்திக்கொண்டே இருந்தவரை, ஹெல்மெட்டில் கேமராவை வைத்துக்கொண்டு படத்துக்காக இடைவெளியைக் குறைத்தவரை. முன்னோடி முதலில் நிறுத்துமிடத்தில் தனியாக அழைத்துச் சொல்வார். கூட்டத்தின் நடுவே சொல்வதில்லை. இரண்டாம் முறை என்றால் அங்கிருந்து தனியாக வீட்டுக்குப் போகச் சொல்வார். நட்பு முறிந்ததும் உண்டு, அடுத்த ஆண்டு அவரே திரும்பி வந்து கடைசி வண்டி ஓட்டியதும் உண்டு.

பாதியில் பிரிந்து வீட்டுக்குப் போகலாமா?

தாராளமாக. களைப்பாக இருந்தால் போவதே சரி. ஆனால் ஒரு நிறுத்தத்தில் வைத்து, கடைசி வண்டியில் வருபவரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். நடுவழியில் சொல்லாமல் திரும்பிவிட்டால், நீங்கள் பள்ளத்தில் கிடக்கிறீர்களோ என்று நான் வந்த வழியே தேடிப் போக வேண்டியிருக்கும். எல்லோரும் கலைந்த பிறகும் இதே ஏற்பாடுதான். வீடு சேர்ந்ததும் ஒரு வரி செய்தி அனுப்ப வேண்டும். காலையில் பெயர்கள் எழுதிய தாளை டேங்கின் மேல் விரித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். கடைசிப் பெயர் அடிபட்ட பிறகுதான் நான் ஜாக்கெட்டைக் கழற்றுகிறேன். ஆகவே குளிக்கப் போகுமுன் செய்தியை அனுப்பிவிடுங்கள்.